நம்பிக்கைக்கு முந்திய நன்கொடை

1931 ஜூன் மாதம் வேல்ஸில் ஒரு மருத்துவ இல்லத்தில் மெஹர்பாய் டாடா லுக்கேமியா என்னும் ரத்தப் புற்றுநோயால் காலமானார். அப்போது அவருக்கு வயது 51. ஜாம்ஷெட்ஜி டாடாவின் மூத்த மகன் தொராப்ஜியின் மனைவியான அவர், பெண்கல்விக்காகவும் குழந்தை மணத்துக்கு எதிராகவும் உழைத்தவர். தொராப்ஜி அடுத்த ஆண்டு ஏப்ரலில் மனைவியின் பெயரால் ஓர் அறக்கட்டளையை நிறுவினார். இரண்டே மாதத்தில் தாமும் மறைந்தார். அந்த அறக்கட்டளைக்கு அவர் வகுத்த ஏற்பாடு அன்று எந்த நாட்டிலும் அரிதானது. வருமானத்தில் ஐந்தில் நான்கு பங்கு, உலகில் எங்கே நடந்தாலும் லுக்கேமியா ஆராய்ச்சிக்குச் செல்ல வேண்டும்; மீதி ஒரு பங்கு, மனிதத் துயரைத் தணிக்கும் ஆராய்ச்சிக்காக இந்தியாவில் செலவாக வேண்டும். அடிமை நாடாக இருந்த இந்தியாவில் பிறந்த ஒருவரின் பணம், ஐரோப்பிய, அமெரிக்க ஆய்வுக்கூடங்களுக்கு உதவித்தொகையாகப் போகத் தொடங்கியது.

அந்தப் பணம் எந்தக் காலத்தில் வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். எடின்பரோவில் பென்னட்டும் பெர்லினில் விர்கோவும் 1845-இல் இந்த நோயை விவரித்தார்கள். அதன்பின் ஏறக்குறைய நூறு ஆண்டுகள் மருத்துவர்கள் கையில் இருந்தவை ஆர்சனிக் கரைசல், எக்ஸ் கதிர், ரத்தம் ஏற்றுதல் ஆகியவைதான். அவை மண்ணீரல் வீக்கத்தைச் சில காலம் குறைத்தன, நோயைத் தொடவில்லை. கடுமையான வகை பீடித்த குழந்தை சில வாரங்களில் அல்லது சில மாதங்களில் இறந்துபோனது. காலராவும் மலேரியாவும் ஆயிரக்கணக்கில் உயிர் குடித்துக்கொண்டிருந்தபோது, குணப்படுத்தவே முடியாத, ஒப்பளவில் அரிதான ஒரு நோய்க்கு அரசு கஜானாவைத் திறக்கவில்லை. வாங்குவோர் குறைவு, வழியும் தெரியாது என்பதால் மருந்து நிறுவனங்களும் பெரிதாக முனையவில்லை. அந்தக் காலத்தில்தான் நன்கொடை வந்தது. ரத்தப் புற்றுநோய்க்கு எதிரான போராட்டத்தின் வரலாறு எனக்குக் காட்டுவது இதுவே: நன்கொடையின் பெருமை அதன் தொகையைவிட, அது வந்து சேர்ந்த வேளையில் இருக்கிறது. பலன் உறுதியான பிறகு அரசும் வரும், சந்தையும் வரும். பலன் தெரியாத நீண்ட காலத்தின் செலவை யாராவது ஏற்றாக வேண்டும். அதை ஏற்றவர்கள் கொடையாளிகள்.

இப்படிக் கொடுப்பது எளிதன்று. நம் மரபில் தர்மம் என்றால் சத்திரம், தண்ணீர்ப்பந்தல், அன்னதானம், குளம் வெட்டுதல். கொடுத்தவர் கண்ணெதிரிலேயே பசியும் தாகமும் தீரும். கல்விக்கென்று எழுதிவைக்கும் சொத்தோ பல ஆண்டுகள் கழித்தே பலன் தரும். அத்தகைய கொடைகளும் நம்மிடம் உண்டு. பச்சையப்ப முதலியாரின் அறக்கட்டளைப் பணத்தில் 1842-இல் சென்னையில் பள்ளி தோன்றியது. கடல் வாணிகத்திலும் ரங்கூனிலும் பொருள் ஈட்டிய மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் விட்டுச்சென்ற அறக்கட்டளை காக்கிநாடாவில் மாணவர்களுக்கு உதவியது. 1920-களின் தொடக்கத்தில், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த ஓர் இளைஞர் அமெரிக்கா சென்று ஆராய்ச்சி செய்ய விரும்பியபோது அந்த அறக்கட்டளையும் மாமனாரும் நண்பர்களும் கைகொடுத்தார்கள். அவர் பெயர் யெல்லாப்ரகட சுப்பாராவ். கதர் அணிந்ததற்காக ஆங்கிலேயப் பேராசிரியரின் அதிருப்திக்கு ஆளாகி, முழுப் பட்டத்துக்குப் பதில் குறைந்த தகுதிச் சான்றிதழ் பெற்றவர் அவர். பாஸ்டனில் மருத்துவமனையின் இரவு நேர எடுபிடி வேலை செய்து வயிற்றைக் கழுவிக்கொண்டு ஹார்வர்டில் ஆராய்ச்சி செய்தார். 1940-இல் லெடர்லே மருந்து நிறுவனத்தில் சேர்ந்து ஆராய்ச்சிக்குத் தலைமை ஏற்றார்.

சுப்பாராவ் குழுவின் முக்கியப் பணி ஃபோலிக் அமிலம் பற்றியது. அந்தச் சத்தின் கதையிலும் சென்னைக்கு இடமுண்டு. ஆங்கிலேய மருத்துவர் லூசி வில்ஸ், கருவுற்ற ஏழைப் பெண்களுக்கு வரும் ஒருவகை ரத்தசோகையை 1928 முதல் பம்பாயில் ஆராய்ந்தார். குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும், திருவல்லிக்கேணியில் இன்று கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என வழங்கும் கோஷா ஆஸ்பத்திரியிலும் அந்த ஆய்வைத் தொடர்ந்தார். ஈஸ்ட் சாற்றில் உள்ள ஏதோ ஒன்று அந்தச் சோகையைத் தீர்க்கிறது என்று கண்டார். அந்த ஒன்றுதான் ஃபோலிக் அமிலம் என்று பின்னால் தெரிந்தது. 1945-இல் சுப்பாராவின் குழு அதை ஆய்வுக்கூடத்தில் செயற்கையாகத் தயாரித்தது. கூடவே, அந்த அமிலத்தைப் போலத் தோற்றம் காட்டி அதன் வேலையைத் தடுக்கும் பொருள்களையும் உருவாக்கியது. அமினோப்டெரின் அவற்றில் ஒன்று, மெத்தோட்ரெக்ஸேட் மற்றொன்று. காக்கிநாடா அறக்கட்டளையில் கணக்கு எழுதியவர்கள் ரத்தப் புற்றுநோயைப் பற்றி நினைத்தே இருக்க மாட்டார்கள். எந்தக் கொடை எங்கே போய்ப் பலனளிக்கும் என்பதைக் கொடுக்கும்போதே அறிய முடியாது என்பதற்கு இதைவிடப் பொருத்தமான சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

அமினோப்டெரினை லுக்கேமியா வந்த குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தவர் பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையின் நோய்க்கூறியல் நிபுணர் சிட்னி ஃபார்பர். ஃபோலிக் அமிலத்தைக் கொடுத்தபோது நோய் வேகம் பிடித்ததை அவர் கண்டிருந்தார். அப்படியென்றால் அதைத் தடுத்தால் நோய் தணியுமா? இதுதான் அவர் எழுப்பிய கேள்வி. சாகப்போகும் குழந்தைகளை அமைதியாகச் சாக விட வேண்டும், நஞ்சு கொடுத்து வதைக்கக் கூடாது என்று உடன் பணியாற்றியவர்களே எதிர்த்தார்கள். 1948 ஜூன் மாதம் ஃபார்பரும் அவரது குழுவினரும் முடிவுகளை வெளியிட்டார்கள். 16 குழந்தைகளுக்கு மருந்து கொடுத்ததில் 10 பேருக்கு நோய் தணிந்தது. அந்தத் தணிவு தற்காலிகமானது. சில மாதங்களில் நோய் திரும்பியது. ஆனாலும், மருந்தால் இந்த நோயைப் பின்வாங்கச் செய்ய முடியும் என்பது முதன்முறையாகத் தெளிவாக நிறுவப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் சுப்பாராவ் காலமானார்.

ஒரு தற்காலிக வெற்றியை நிரந்தரமாக்க ஆய்வுக்கூடம் வேண்டும், ஆட்கள் வேண்டும், பல ஆண்டுகள் வேண்டும். ஃபார்பர் இருந்ததோ ஒரு சிறு நிலவறையில். 1947-இல் நாடகம், திரைப்படத் தொழிலில் இருந்தோரின் வெரைட்டி கிளப் அவருக்குத் துணை நின்றது. குழந்தைகள் புற்றுநோய் ஆராய்ச்சி அறக்கட்டளை பிறந்தது. 1948 மே 22 அன்று, நாடு முழுக்கக் கேட்கும் ஒரு வானொலி நிகழ்ச்சியில், மருத்துவமனைப் படுக்கையிலிருந்த 12 வயதுச் சிறுவன் ஒருவன் பேசினான். அவன் அடையாளத்தைக் காக்க ஜிம்மி என்று பெயர் சூட்டியிருந்தார்கள். அவனுக்குப் பிடித்த பாஸ்டன் பிரேவ்ஸ் பேஸ்பால் அணியின் வீரர்கள் ஒவ்வொருவராக அறைக்குள் வந்து அவனோடு பேசினார்கள். 20,000 டாலர் சேர்ந்தால் அவன் ஆட்டத்தைப் பார்க்க ஒரு தொலைக்காட்சிப் பெட்டி கிடைக்கும் என்று நேயர்களுக்குச் சொல்லப்பட்டது. சேர்ந்ததோ 2,31,000 டாலருக்கு மேல். பெரும் செல்வரின் காசோலைகளைவிட, குழந்தைகளும் தொழிலாளரும் தபாலில் அனுப்பிய சில்லறையே அதிகம் பேசப்பட்டது. 1952-இல் ஜிம்மி நிதிக் கட்டடம் எழுந்தது. பிரேவ்ஸ் அணி வேறு ஊருக்குப் போனதும் ரெட் சாக்ஸ் அணி அந்தப் பொறுப்பை ஏற்றது. இரண்டு தலைமுறைக்கு மேலாக ஒரு நகரமே ஒரு நோய்க்கு எதிராகக் காசு போடும் வழக்கம் அப்படித்தான் வேரூன்றியது.

இந்த வழக்கம் பாஸ்டனோடு நிற்கவில்லை. மகனை லுக்கேமியாவுக்குப் பறிகொடுத்த பெற்றோர் நியூயார்க்கில் 1949-இல் தொடங்கிய சிறு அறநிலையம், பின்னால் அமெரிக்க லுக்கேமியா சங்கமாக வளர்ந்தது. இங்கிலாந்தின் மிடில்ஸ்பரோவில் ஆறு வயது மகளை இழந்த ஒரு குடும்பம் 1960-இல் தொடங்கிய நிதி, இன்று பிளட் கேன்சர் யூ.கே. என்ற பெயரில் இயங்குகிறது. லெபனானிலிருந்து குடியேறிய பெற்றோருக்குப் பிறந்த நகைச்சுவை நடிகர் டேனி தாமஸ், அரபு வம்சாவளி அமெரிக்கர்களை 1957-இல் ஒன்றுதிரட்டினார். அவர்கள் சேர்த்த பணத்தில் 1962-இல் மெம்ஃபிஸ் நகரில் செயின்ட் ஜூட் மருத்துவமனை திறக்கப்பட்டது. வெள்ளையர், கறுப்பர் என்று வார்டு பிரித்துவைத்த அந்தத் தென்மாநிலத்தில், எல்லாக் குழந்தைகளையும் ஒரே இடத்தில், பெற்றோரிடம் பணம் வாங்காமல் அது சேர்த்துக்கொண்டது. அந்த ஆண்டில், கடுமையான லிம்ஃபோபிளாஸ்டிக் லுக்கேமியா வந்த குழந்தைகளில் நூற்றுக்கு நான்கு பேரே பிழைத்தார்கள். அதன் முதல் இயக்குநர் டொனால்ட் பிங்கெல், பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்து, மூளையில் ஒளிந்திருக்கும் நோயணுக்களுக்கும் தனியாகச் சிகிச்சை தந்து, இரண்டு மூன்று ஆண்டுகள் தொடர்ந்து மருந்தளிக்கும் முறையை வகுத்தார். நம் வீட்டுத் தோட்டங்களில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து எடுத்த வின்கிரிஸ்டினும் அந்த மருந்துகளில் உண்டு. 1960-களின் இறுதியில் தொடங்கிய ஐந்தாவது ஆய்வில் ஏறக்குறையப் பாதிக் குழந்தைகள் குணமடைந்தார்கள். இன்று வசதியான நாடுகளில் பத்தில் ஒன்பது குழந்தைகள் பிழைக்கிறார்கள்.

இந்த வரிசையில் அரசு எப்போது வந்தது என்று பார்த்தால் என் வாதம் தெளிவாகும். புற்றுநோய் மருந்துகளைப் பெருமளவில் சோதிக்கும் தேசிய மையத்தை அமெரிக்க அரசு அமைத்தது 1955-இல். ஃபார்பர் முடிவுகளை வெளியிட்டு ஏழு ஆண்டு கழித்து. ஃபார்பரும் சமூக ஆர்வலர் மேரி லாஸ்கரும் மக்களைத் திரட்டி ஓயாமல் வற்புறுத்தியபின், தேசியப் புற்றுநோய்ச் சட்டத்தில் அதிபர் நிக்சன் கையெழுத்திட்டது 1971 டிசம்பரில். இந்தியாவிலும் அதே நடைதான். தொராப்ஜி டாடா அறக்கட்டளை 1941 பிப்ரவரி 28 அன்று பம்பாயில் டாடா நினைவு மருத்துவமனையைத் திறந்தது; 1957-இல் மத்தியச் சுகாதார அமைச்சகம் அதை ஏற்றது; 1962-இல் அது அணுசக்தித் துறையின் கீழ் வந்தது. தென்னிந்தியாவில் அந்த வேலையைத் தொடங்கியவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. தங்கையைப் புற்றுநோய்க்கு இழந்த அவர், சென்னையில் ஒரு புற்றுநோய் மருத்துவமனை வேண்டும் என்று பல ஆண்டுகள் மன்றாடினார். இந்த நோய் வந்தால் சாவுதானே, இதற்கு எதற்கு ஆஸ்பத்திரி என்ற மனநிலை ஆட்சியாளரிடமே இருந்தது. 1949-இல் இந்திய மாதர் சங்கத்தின் வழியாகப் புற்றுநோய் நிவாரண நிதி தொடங்கினார். 1952-இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954-இல் அடையாறில் 12 படுக்கைகளோடு மருத்துவமனை தொடங்கியது. அவரது மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் தனியார் தொழிலின் வருமானத்தை உதறிவிட்டு வாழ்நாள் முழுவதும் அங்கேயே உழைத்தார்கள். 1984-இல், இந்திய நிலைமைக்கு ஏற்ற லுக்கேமியா சிகிச்சை முறை ஒன்று அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கப்பட்டபோது, அதைக் கையாண்ட மூன்று மையங்களில் அடையாறும் ஒன்று. மற்றவை பம்பாய் டாடா நினைவு மருத்துவமனையும் டெல்லி எய்ம்ஸும்.

மக்களின் உயிரைக் காப்பது அரசின் கடமை, அந்தக் குறையைப் பிச்சைக் கலம் ஏந்தி நிரப்புவது அரசைத் தப்பிக்க விடுவதாகாதா என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது. சிகிச்சைச் செலவைப் பொறுத்தவரை நானும் அந்தக் கட்சிதான். தமிழ்நாட்டில் 2009 முதல் நடக்கும் காப்பீட்டுத் திட்டம் போன்றவை ஏழை நோயாளிக்குச் செய்யும் உதவியை எந்த நன்கொடைக் குழுவும் அந்த அளவில் செய்ய இயலாது. ஆனால் வரலாற்றில் நன்கொடை அரசைத் தப்பிக்க விட்டதாகத் தெரியவில்லை, அரசை இழுத்துவந்திருக்கிறது. செய்துகாட்டிய ஒரு மருத்துவமனை இருந்ததால்தான் டாடா நினைவு மருத்துவமனையை அரசு ஏற்றது. மக்கள் சேர்த்த பணமும் திரட்டிய குரலும் இருந்ததால்தான் 1971-இன் சட்டம் வந்தது. வரிப்பணத்தைச் செலவிடும் அதிகாரி தணிக்கைக்குப் பதில் சொல்ல வேண்டும். பலன் தெரியாத ஒன்றில் இறங்க அவர் தயங்குவது இயல்பு. தோற்றாலும் பரவாயில்லை என்று தரக்கூடிய பணம், மனமுவந்து தரும் பணம் மட்டுமே.

இரண்டாவது மறுப்பு, நோயுற்ற குழந்தையைக் காட்டிப் பணம் திரட்டுவது முறையா என்பது. இந்த மறுப்புக்கு இன்னும் வலுவுண்டு. ஜிம்மிக்கு வந்திருந்தது லுக்கேமியாவே அல்ல, குடலில் தோன்றிய லிம்ஃபோமா. அவன் பெயரும் புனைபெயர். ஐனார் குஸ்டாஃப்சன் என்ற அந்த மனிதர் பிழைத்து, லாரி ஓட்டி, பேரப்பிள்ளைகளைக் கண்டு, 1998-இல் வெளியுலகுக்குத் தம்மைக் காட்டிக்கொண்டார். அதுவரை பலரும் அவர் இறந்துவிட்டதாகவே எண்ணியிருந்தார்கள். பணம் திரட்டும் கலையில் மிகையும் மறைப்பும் கலந்துவிடும் என்பதற்கு இது சாட்சி. ஆயினும் பாஸ்டனில் அன்று அச்சிறுவனின் உண்மையான அடையாளம் காக்கப்பட்டது. பணம் கட்டடமாகவும் ஆய்வாகவும் கண்முன் எழுந்தது. இன்று கைபேசியில் நொடிக்கொன்றாக வரும் வேண்டுகோள்களில், குழாய் செருகிய குழந்தையின் முகம் எவ்வித மறைப்புமின்றிக் காட்டப்படுகிறது. பணம் எங்கே போனது என்ற கணக்கு வருவது அரிது. உணர்ச்சி கொடையைத் தொடக்கிவைக்கலாம். அதைக் காக்க வேண்டியது கணக்கு. ஆண்டறிக்கை வெளியிடும், தணிக்கைக்கு உட்படும் நிறுவனத்துக்குக் கொடுப்பதே இந்த மறுப்புக்கு நாம் தரக்கூடிய பதில். கொடுக்காமலே இருந்துவிடுவது பதிலாகாது.

வயிற்றுப்போக்கிலும் சத்துக்குறைவிலும் குழந்தைகள் சாகும் நாட்டில், செலவு மிகுந்த ஓர் அரிய நோய்க்கு ஏன் பணம் என்பது மூன்றாவது மறுப்பு. இந்தக் கணக்கைப் போடுபவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. கடுமையான லிம்ஃபோபிளாஸ்டிக் லுக்கேமியாவுக்கான அடிப்படை மருந்துகளில் பெரும்பாலானவை காப்புரிமை காலாவதியாகி மலிவாகக் கிடைப்பவை. மெத்தோட்ரெக்ஸேட் இன்று மூட்டுவாத நோயாளிகளும் வாரந்தோறும் விழுங்கும் மாத்திரை. நம் நாட்டில் குழந்தையைப் பறிகொடுக்கச் செய்வது பெரும்பாலும் மருந்தின் விலை மட்டுமல்ல; நோயைக் காலம் கடந்து அறிவது, இரண்டு மூன்று ஆண்டுச் சிகிச்சையைப் பாதியில் விட்டு ஊர் திரும்புவது, இடையில் தொற்று வருவது. கூலி வேலையை விட்டுவிட்டுப் பட்டணத்தில் தங்க இடமின்றித் தவிக்கும் தாய்தந்தைக்கு அறை, சாப்பாடு, பேருந்துக் கட்டணம் கொடுத்தாலே பல குழந்தைகள் சிகிச்சையை முடிப்பார்கள். சத்திரமும் அன்னதானமும் கட்டிய நம் மரபு இங்கே அப்படியே பயன்படும். அரிய நோய்க்குச் செலவிட்ட ஆராய்ச்சி பொது நோய்க்கும் உதவியிருக்கிறது. பல மருந்துகளைச் சேர்த்துத் தரும் புற்றுநோய்ச் சிகிச்சை முறைக்கே லுக்கேமியா வார்டுதான் பள்ளிக்கூடமாக இருந்தது.

இன்னொரு ஐயம், நன்கொடை என்ற பெயரில் மருந்து நிறுவனங்கள் தங்கள் விலையை நியாயப்படுத்துகின்றனவே என்பது. நாள்பட்ட மைலாய்டு லுக்கேமியாவுக்கான இமாடினிப் என்ற மருந்து 2001-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதற்காகப் பாடுபட்ட பிரையன் ட்ரூக்கரின் ஆய்வுக்கு லுக்கேமியா சங்கத்தின் நிதியுதவியும் இருந்தது. நோவார்ட்டிஸ் நிறுவனம் இந்தியாவில் கேட்ட விலை மாதத்துக்குச் சுமார் 1,20,000 ரூபாய். இந்திய நிறுவனங்கள் தயாரித்த அதே மருந்தின் விலை மாதத்துக்குச் சுமார் 8,000 முதல் 10,000 ரூபாய். பல நோயாளிகளுக்கு இலவசமாகத் தருகிறோம் என்று அந்நிறுவனம் சொன்னது, தரவும் செய்தது. ஆனால் மும்பையின் புற்றுநோயாளர் உதவிச் சங்கம், தானமாகக் கிடைப்பது எப்போது வேண்டுமானாலும் நிற்கலாம், நியாய விலையே நோயாளிக்கு உரிமை என்ற நிலையை எடுத்துக் காப்புரிமையை எதிர்த்தது. 2006 ஜனவரியில் சென்னைக் காப்புரிமை அலுவலகம் நோவார்ட்டிஸின் விண்ணப்பத்தை நிராகரித்தது. அடுத்த ஆண்டு சென்னை உயர்நீதிமன்றம், அந்த நிராகரிப்புக்கு அடிப்படையான காப்புரிமைச் சட்டப்பிரிவு செல்லும் என்றது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் நோவார்ட்டிஸுக்கு எதிராக இறுதித் தீர்ப்பளித்தது. அந்த வழக்கில் நின்றதும் ஒரு தொண்டு நிறுவனம்தான். பொதுமக்களின் நன்கொடையில் இயங்கும் அமைப்பு மருந்து வாங்கிக் கொடுப்பதோடு, மருந்தின் விலையைக் கேள்வி கேட்கவும் முடியும். நிறுவனத்தின் தானத்துக்கும் மக்களின் கொடைக்கும் உள்ள வேறுபாடு அங்கே இருக்கிறது.

பணத்தால் வாங்க முடியாத கொடைகளும் இந்தப் போராட்டத்தில் உண்டு. எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை இந்தியாவில் முதலில் 1983-இல் டாடா நினைவு மருத்துவமனையிலும், பிறகு 1986-இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியிலும் நடந்தது. உடன்பிறந்த ஒருவரின் திசு முழுமையாகப் பொருந்த நான்கில் ஒரு வாய்ப்புதான். பொருந்தாதவர்கள் அந்நியரைத் தேட வேண்டும். திசுப் பொருத்தம் வம்சாவளியோடு பிணைந்தது. உலகப் பதிவேடுகளில் தெற்காசியர்கள் குறைவாக இருப்பதால் நம் நோயாளிக்கு ஆள் கிடைப்பது கடினம். 2009-இல் சென்னையில் தொடங்கிய தாத்ரி குருத்தணுப் பதிவேடு இந்தக் குறையைத் தீர்க்க முயல்கிறது. சேர்வதற்குக் கன்னத்தின் உட்புறத்தைத் துடைத்தெடுத்த பஞ்சு போதும். சிகிச்சையின்போது நோயாளிக்கு வேண்டிய ரத்தத் தட்டணுக்களோ ஐந்து நாளைக்கு மேல் தாங்காது. எந்தத் தொழிற்சாலையும் அவற்றைத் தயாரிக்காது. இன்று கொடுத்தவரின் இடத்துக்கு அடுத்த வாரம் இன்னொருவர் வந்தாக வேண்டும்.

பெரிய தொகையை ஒரே முறை கொடுத்துவிட்டு மறப்பதைவிட, சிறு தொகையை ஆண்டுதோறும் கொடுப்பதே இந்த நோய்க்கு எதிராக அதிகம் உதவியிருக்கிறது. 1948-இல் தபாலில் சில்லறை அனுப்பியவர்களும், அடையாறின் நிவாரண நிதிக்கு உண்டியலில் காசு போட்டவர்களும், குணமடைந்த ஒரு குழந்தையையும் பார்க்கும் முன்பே கொடுத்தார்கள். இன்று நமக்கு அந்தத் துணிவுகூடத் தேவையில்லை. கொடுத்தால் பலனுண்டு என்பது நிறுவப்பட்டுவிட்டது. கணக்குக் காட்டும் ஒரு மருத்துவமனையையோ அறக்கட்டளையையோ தேர்ந்தெடுத்து ஆண்டுக்கு ஒரு தொகை ஒதுக்குங்கள். ஊரிலிருந்து வரும் நோயாளிக் குடும்பம் தங்கவும் உண்ணவும் உதவுங்கள். தகுந்த வயதும் உடல்நலமும் உள்ளவர்கள் தட்டணு கொடுங்கள், குருத்தணுப் பதிவேட்டில் பெயர் சேருங்கள். பதிவேட்டில் சேர்ந்தபின், பொருத்தம் கிடைத்தது என்று அழைப்பு வரும் நாளில் மறுக்காமல் போங்கள்.